இணைச்சீருக்கு நான்தான் உட்காருவேன்

தம்பிக்குப் பெண் உறுதியான மறுவாரமே பெண் வீட்டிலிருந்து செய்தி வந்துவிட்டது. கல்யாணத்தில் இணைச்சீருக்கு நான் உட்காரக் கூடாதாம். செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் சித்தப்பா. நல்ல சேதியென்றால் போனில் சொல்லிவிடுவார். வில்லங்கமான சேதிக்கு மட்டும் மெனக்கெட்டு நேரில் வருவார். அன்றைக்கும் காபியைக் குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றியும் தேங்காய் வரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணோட பெரியப்பா ஒருத்தர் இருக்காருங்கல்லண்ணா, அவருதான் சொல்லிப்போட்டாரு. நம்ம அம்மணி உக்கார வேண்டாமாம். நம்ம பெரியண்ணன் மக உக்காரட்டுமாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் காலி டம்ளரைப் பார்த்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகப் படாது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் நடக்கும் ஒரு சீர் அது. மாப்பிள்ளையுடன் பிறந்தவள் மணவறையில் அவன் பக்கத்துப் பலகையில் உட்காருவாள். ஒரு சேலையின் ஒரு முனை அவன் பக்கம் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். புதிதாக ஒருத்தி வீட்டுக்கு வரப்போகிறாள், வரட்டும், ஆனால் இந்த வீட்டில் பிறந்தவளுக்கும் இங்கே உரிமை உண்டு என்று கூடியிருக்கும் சனத்துக்கு முன்னால் சொல்வதுதான் அதன் பொருள். என் தம்பிக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். என்னை உட்கார வேண்டாம் என்றால், நீ இந்த வீட்டுப் பெண்ணே இல்லை என்று மைக் வைத்துச் சொல்வதாக ஆகிவிடும்.

காரணம் இரண்டு. நான் சினிமாவில் நடித்தவள் என்பது முதல் காரணம். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்கள். சொன்னது இரண்டாவது காரணத்தை. எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகிவிட்டதாம். அதை முறைப்படி கழிக்காமல் நான் மணவறை ஏறினால் அவர்கள் பெண்ணுக்கு ஆகாதாம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் சும்மா புளுகுகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கூத்தைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும்.

நான் நடித்தது மொத்தம் மூன்று படங்கள். கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி விழாவில் யாரோ எடுத்த ஒரு போட்டோ கைமாறிக் கைமாறிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆள் வந்தது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே அம்மாவுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்து என்னோடு துணைக்கு அனுப்பினார். முதல் படம் வெளிவந்தபோது காங்கேயத்தில் இருந்த ஒறம்பரை முழுவதையும் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் காட்சி பார்த்தவரும் அவர்தான். மாமன், அத்தை, பங்காளி ஒருவர் பாக்கியில்லை.

இரண்டாவது படத்தில் எனக்கு ஒரு கல்யாணக் காட்சி. கதை எங்கள் பக்கத்தில் நடப்பதாக இருந்ததால், எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதம் பிடித்தார். பெருந்துறைக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தைப் பிடித்தார்கள். கூட்டத்துக்குத் துணை நடிகர்களைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தால் முகம் ஒட்டாது என்று எங்கள் ஒறம்பரையையே வரச் சொன்னார்கள். கல்யாணம் நடத்திவைக்கவும் நிஜ ஆளே வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களின் கல்யாணத்தை நடத்துபவர் ஐயர் இல்லை, அருமைக்காரர். எங்களில் ஒருவரே, அதற்கென்று உரிய சீரைச் செய்துகொண்ட குடும்பஸ்தர். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு அருமைக்காரரை மேனேஜர் போய் அழைத்து வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. அவரிடம் இது சினிமா என்று சொன்னார்கள். தெரியும் என்று தலையாட்டினார். ஆனால் செய்வது சீர் என்றால் அவருக்கு அது சீர்தான்.

மனையில் எங்களை உட்காரவைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன கூட்டமுங்க?"

எங்கள் ஆட்களில் பல கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கைதான்; பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. மேனேஜருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கேட்பவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, "பொண்ணு என்ன கூட்டமோ மாப்பிள்ளையும் அதே கூட்டம்தான் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அருமைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "அப்ப இது ஆகாதுங்க. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சீர் செய்யற பாவத்த என்ற தலைல கட்டாதீங்க."

ஹீரோ பெங்களூர்க்காரர். நடப்பது ஒன்றும் புரியாமல் மாலையோடு உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்து வந்து, எங்களுக்கு முறையாகிற கூட்டமாக ஒன்றைப் பார்த்து ஹீரோவுக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் அருமைக்காரர் உட்கார்ந்தார்.

தாலி கட்டும் ஷாட் பதினொரு டேக் போனது. ஒருமுறை ஃபோகஸ் தப்பியது, ஒருமுறை ஹீரோவுக்கு முடிச்சு விழவில்லை, ஒருமுறை யாருடைய போனோ அடித்தது. ஒவ்வொரு தடவையும் அருமைக்காரர் முதலிலிருந்து தொடங்கினார். நடுவிலிருந்து தொடங்க அவருக்குத் தெரியாது. பதினொரு தடவையும் ஒறம்பரை அரிசி தூவியது. என் அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நிஜமாகவே அழுதாள். மத்தியானம் கம்பெனிச் சாப்பாடு இலை போட்டு நடந்தது. சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து, "நல்லா இரு சாமி, மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பு, பரவாயில்ல" என்றாள்.

அன்று சிரித்தோம். சித்தப்பாதான் முதலில் கேலியாக ஆரம்பித்தது: "எங்க ஊட்டுப் பொண்ணுக்குப் பதினோரு தடவை தாலி கட்டியாச்சுங்க." போகிற இடத்திலெல்லாம் சொன்னார். கேலி நாளாக நாளாகச் சேதியானது. சேதி நாளாக நாளாகச் சட்டமாகிவிட்டது. அருமைக்காரர் கையால் நடந்தது, கூட்டம் பார்த்து நடந்தது, அப்பனே முன்னால் நின்று நடத்தியது, ஒறம்பரை அரிசி போட்டது. இதற்கு மேல் ஒரு கல்யாணத்துக்கு என்ன வேண்டும்?

இதோடு நான் சினிமாவை விட்டதும் சேர்ந்துகொண்டது. இருபத்து நாலு வயதில் விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்காத ஆள் இல்லை. கொப்பரை ஏற்ற வரும் லாரி டிரைவர் முதல் பல் டாக்டர் வரைக்கும் கேட்டுவிட்டார்கள். பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். யாராவது ஏமாற்றிவிட்டானா, வாய்ப்பு வரவில்லையா, யாராவது மிரட்டினார்களா, உடம்புக்கு ஏதாவதா? ஒரு யூடியூப் சேனல்காரன் என் முகத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டு "கண்ணீர்க் கதை" என்று பத்து நிமிஷம் பேசியிருந்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் என் ஊர்ப் பெயர் ஒன்றுதான் சரி.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாவது படத்தில் ஒருநாள், ஹீரோவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும். அதற்காகக் காலையிலிருந்து சாயந்தரம்வரை கேரவனில் மேக்கப்போடு உட்கார்ந்திருந்தேன். வெளியே என்னென்னவோ முடிவாகிக்கொண்டிருந்தது. எதையும் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை, செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஐந்து வருஷமாக அப்படித்தான். வயிறு நிறைந்தால் இலையை மூடுகிறோமே, அதுபோல எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. அழவில்லை. யார்மேலும் கோபமில்லை. அந்தப் படத்தை ஒழுங்காக முடித்துக்கொடுத்தேன். அடுத்த படத்துக்குக் கேட்டவர்களிடம் வரவில்லை என்று சொன்னேன். அம்மாவும் நானும் ரயிலேறிக் கோயமுத்தூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். ஒரு ஆண்பிள்ளை வேலையை விட்டால் பிடிக்கவில்லை, விட்டுவிட்டான் என்பார்கள். நான் விட்டால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு குற்றமோ ஒரு பிணமோ இருந்தாக வேண்டும்.

அதன் பிறகு அப்பாவின் கொப்பரைக் களத்தையும் எண்ணெய் ஆலையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்துக்காரர்களிடம் பேசித் தேங்காய் வாங்குவதும், காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் என் வேலை. கொப்பரையைக் கையிலெடுத்து ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு வெயில் வேண்டும். நான் போதும் என்றால் போதும், இன்னும் வேண்டும் என்றால் இன்னும். அங்கே என் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. இந்தச் சுகம் எந்த சினிமாவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நடிகையைப் பார்க்கலாம் என்று களத்துக்கு வருகிறவர்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் அரிவாளோடு நிற்கும் என்னைப் பார்த்து ஏமாந்துதான் போவார்கள். ஏமாறட்டும்.

சித்தப்பா கொண்டுவந்த செய்தியில் ஒரு வழியும் இருந்தது. பவானி கூடுதுறையில் போய் ஒரு பரிகாரம் செய்துவிட்டு வந்தால், நடந்த கல்யாணம் கழிந்ததாக எடுத்துக்கொள்வார்களாம். அதற்கப்புறம் நானே இணைச்சீருக்கு உட்காரலாமாம்.

"அரைமணி நேர சோலி கண்ணு," என்றாள் அம்மா. "வாழைக்கன்ன வச்சு ஏதோ செஞ்சு ஆத்துல உடுவாங்க, அவ்வளவுதான். உன்ற தம்பிக்காக ஒருக்கா வா சாமி. நீ உக்காராம இன்னொருத்தி உக்காந்தா அத என்னால பாக்க முடியாது."

அம்மா அழுதால் எனக்குத் தாங்காது. போனேன். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடியது. படித்துறையில் எங்களுக்கு முன்னால் நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன. பரிகாரம் செய்பவர் எங்கள் முறை வந்ததும் நோட்டைப் புரட்டாமலேயே கேள்வி கேட்க ஆரம்பித்தார். நிதானமான மனிதர், பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

"முதல் கல்யாணம் ஆனவர் பேர் என்னம்மா?"

அம்மா படத்தில் வரும் பெயரைச் சொன்னாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்லைங்க, அது படத்துல. நெசப்பேரு வேற" என்று ஹீரோவின் பெயரைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்கு என்ன நட்சத்திரம்?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. பிறந்த தேதி தெரிந்தால்கூடப் போதும் என்றார். அம்மா பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹீரோவின் பிறந்த தேதியை இணையத்தில் தேட ஆரம்பித்தாள். தேதி கிடைத்தது. கூடவே அவருக்குச் சமீபத்தில் கல்யாணமான போட்டோவும் கிடைத்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அவனுக்கு வேற கண்ணாலம் ஆயிப்போச்சுங்க," என்று தழுதழுத்த குரலில் சொன்னாள். என்னைக் கைவிட்டுவிட்டானாம்!

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. என் அம்மா ஐந்து வருஷம் ஒவ்வொரு ஷூட்டிங்கிலும் மடக்கு நாற்காலியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவள். நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இல்லாத கல்யாணத்தைக் கழிக்க நான் இந்தத் தண்ணீரில் இறங்கினால், அது நடந்தது என்று நானே கைநாட்டு வைத்துக் கொடுத்ததாகிவிடும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் நான் கழித்துவந்தவள்தான்.

"எந்திரிங்கம்மா, போலாம்," என்றேன்.

"வாழைக்கன்னுக்குச் சொல்லியாச்சே கண்ணு."

"அது வேற யாருக்காச்சும் ஆகும். நான் செஞ்சது வேலைம்மா. கழுவறதுக்கு எம்மேல அழுக்கு ஒண்ணும் இல்ல."

பஸ்ஸில் அம்மா என் பக்கமே திரும்பவில்லை. ராத்திரி தம்பி கோயமுத்தூரிலிருந்து போன் செய்தான். அங்கே ஒரு பவுண்டரியில் இன்ஜினியராக இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால் என் வகுப்புக்கு ஓடிவந்து என் பின்னால் நின்றுகொள்வான்; அடிக்கப் போவது நானாகத்தான் இருக்கும்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் செஞ்சுட்டு வந்திருக்கலாமில்லக்கா?"

"நீயும் நம்பறயா?"

"நம்புலக்கா. ஆனா..."

"ஆனாவுக்கு மேல ஒண்ணும் சொல்லாத," என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு ரொம்ப நேரம் அழுதேன். பவானியில் வராத அழுகை இதற்கு வந்தது.

அப்பாவுக்கு வேறொரு யோசனை வந்தது. பெண்ணின் பெரியப்பாவை வீட்டுக்கு வரச் சொன்னார்; அந்த அருமைக்காரரையும் வரச் சொன்னார். தம்பி கல்யாணத்துக்கும் அவரையேதான் பேசியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். தம்பியும் வந்திருந்தான். பெரியப்பா பவானிப் பக்கம் பெரிய தோட்டம் உள்ளவர், மெல்லப் பேசுவார், மெல்லப் பேசியே காரியத்தை முடிப்பவர். என்னையும் "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார், என்னவோ அது அவர் வீடு மாதிரி.

அப்பா அருமைக்காரரிடம் நேராகக் கேட்டார். "அன்னிக்கு நடந்தது கண்ணாலந்தானுங்களா? நீங்களே சொல்லிப்போடுங்க."

அருமைக்காரர் துண்டை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அது ஆகாதுங்க," என்றார் கடைசியில். "சினிமாதானேன்னு நான் ஒரு சீர வேணும்னே உட்டுப்போட்டனுங்க. முழுசா செய்யலீங்க. அதனால அது கணக்குல வராதுங்க."

வீடே மூச்சு விட்டது. அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியப்பாகூட, "அப்படிங்களா, அப்பச் சரிங்க" என்று இறங்கிவந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு சுபம். இணைச்சீருக்கு நான்தான்.

ஆனால் நான் அருமைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஃபோகஸ் தப்பினதற்கெல்லாம் முதலிலிருந்து தொடங்கிய மனிதர் அவர். அவர் எதையும் விட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்காகத் தன் தொழிலைத் தானே குறைத்துச் சொல்கிறார். அதைவிட, அவர் விட்டதனால்தான் நான் சுத்தம் என்றால், விடாமல் செய்திருந்தால் நான் என்ன?

"இல்லீங்க," என்றேன். "அவரு எதையும் உடுல. எல்லாச் சீரையும் சுத்தமாத்தான் செஞ்சாரு. நானும் என்ற வேலையச் சுத்தமாத்தான் செஞ்சேன்."

அப்பா, "அம்மணி" என்றார். நான் நிறுத்தவில்லை.

பெரியப்பா புன்னகை மாறாமல், "அப்பக் கண்ணாலம் ஆனதுன்னு நீங்களே சொல்றீங்களா?" என்றார்.

"பதினோரு தடவை ஆச்சுங்க. அதுல எந்தத் தடவையக் கழிக்கோணும்னு சொல்லுங்க, கழிச்சுர்றேன். மூணாவது படத்துல நான் செத்தும் போனேனுங்க. பாடைல வச்சு, சங்கு ஊதி, சுடுகாடு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்குக் கருமாதி செஞ்சீங்களா? உங்க கணக்குப்படி பாத்தா நான் செத்தவளுங்க. செத்தவளுக்கு எதுக்குங்க பரிகாரம்?"

சித்தப்பா சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"பேச்சு நல்லா வருதுங்க," என்றார் பெரியப்பா. "சினிமால எழுதிக் குடுத்ததுங்களா?"

"அங்க இந்த மாதிரி எழுதிக் குடுத்திருந்தா நான் ஏனுங்க உட்டுட்டு வாரேன்?"

அவ்வளவுதான். புன்னகை போய்விட்டது. கல்யாணத்தை நிறுத்தவில்லை, பெண்ணுக்கும் தம்பிக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. ஆனால் இணைச்சீருக்கு எங்கள் பெரியப்பன் மகள்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அப்பா மறுக்கவில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, என் அக்காதான் உட்காருவாள் என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அவன் போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருமைக்காரர் வாசலில் மொபெட்டைக் கிளப்பப் போகும்போது நான் போய் நின்றேன். "எதுக்கு அம்மணி, கூடி வந்ததக் கெடுத்துக்கிட்டீங்க?" என்றார். நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இத்தன வருசத்துல ஒரு சீரையும் உட்டதில்லீங்க நானு," என்றார். பிறகு மொபெட்டை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஒன்றரை மாதமும் வீட்டில் கல்யாண வேலை நடந்தது. எல்லா வேலையையும் நான்தான் செய்தேன். பத்திரிகை வைக்கப் போனேன், ஜவுளி எடுத்தேன், சமையல்காரரோடு சண்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் நான் வேண்டும், அந்த ஒரு பலகைக்கு மட்டும் வேண்டாம். தம்பியோடு தேவைக்குப் பேசினேன். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று ஒருநாள் யோசித்தேன். போகாவிட்டால் பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்பார்கள். அதற்காகவே போக முடிவு செய்தேன்.

காலை முகூர்த்தம். மண்டபம் நிறைந்துவிட்டது. பெரியப்பன் மகள் இணைச்சீருக்கென்று புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நல்லவள், நாலு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னிடம், "நீ பந்தி நடக்கற எடத்தக் கொஞ்சம் பாத்துக்கறயா கண்ணு?" என்றாள். பார்க்கச் சொல்லவில்லை, பார்க்காமல் இருக்கச் சொன்னாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் திட்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். வந்ததற்குச் சாட்சியாக உட்கார்ந்திருப்போம் என்றுதான் இருந்தேன்.

தம்பி மனையில் உட்கார்ந்தான். கழுத்தில் மாலை, முகத்தில் வேர்வை. பக்கத்தில் ஒரு பலகை காலியாக இருந்தது. அருமைக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இணைச்சீருக்கு மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவங்க வாங்க."

வழக்கமாகச் சொல்வதுதான் அது. பெரியப்பன் மகள் எழுந்தாள். நானும் எழுந்துவிட்டேன். என் கால்கள் எழுந்தன என்று கதை விட மாட்டேன். நான்தான் எழுந்தேன், தெரிந்தேதான் எழுந்தேன். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தபோது பின்னால் பேச்சு நின்றுவிட்டது. எத்தனையோ பேர் பார்க்க நடந்திருக்கிறேன், யாரோ நடக்கச் சொல்லி நடந்தது அதெல்லாம். முன்வரிசைக்கு வந்தபோது பெரியப்பன் மகள் என்னைப் பார்த்தாள். உடனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மணம் போட முடியாதுடி, இடுப்புப் புடிச்சுக்கிச்சு. நீயே போ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

எதிர்ப்பக்கம் பெண்ணின் பெரியப்பா எழுந்து நின்றார். நான் மேடையேறிப் பலகையில் உட்கார்ந்தேன். அருமைக்காரர் ஒரு கணம்கூட நிற்காமல் சீரைத் தொடங்கிவிட்டார். தொடங்கிய சீரை எங்கள் ஆட்கள் யாரும் தடுக்க மாட்டார்கள், அது நல்லதில்லை. பெரியப்பா நின்றார், நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். பந்தல் விழவில்லை. வானமும் இடியவில்லை.

அருமைக்காரர் சேலையைக் கொடுத்தார். அதன் முனையைத் தம்பி என் கையில் வைத்தான். குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"வராம இருந்துருவயோன்னு பயந்துட்டேன்க்கா."

"நீ கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"அதுக்குத்தான் தைரியம் இல்லையேக்கா. நீயே வந்துருவேன்னு இருந்தேன்."

அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் அக்கா தம்பிப் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் என் பின்னால் வந்து நின்றுகொண்ட மாதிரி இந்தத் தடவையும் நின்றுகொண்டான்; ஊர்ப் பேச்சை முன்னால் நின்று வாங்கியது நான். அவனை அந்த இடத்தில் நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவன் மன்னிப்புக் கேட்கட்டும், அது வேறு கதை. இந்த இடம் அவன் கொடுத்தும் வரவில்லை, அவன் மாமனார் வீட்டார் கொடுத்தும் வரவில்லை, பிறந்தபோதே வந்தது. நான் சேலை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சீர் முடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.